மேடு வந்தால் ஆறு

நீடாமங்கலத்தில் பல நாள்கள் ரயில்வே கேட்டில்தான் தொடங்கும். பங்குனி மாதத்து அந்த விடியலிலும் கேட் விழுந்திருந்தது. நெல் ஏற்ற வந்த சரக்கு ரயிலின் பெட்டிகளை இன்ஜின் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர் பஸ், திருவாரூர் பஸ், வைக்கோல் கட்டு அடுக்கிய டிராக்டர், இருபுறமும் பால் கேன் தொங்கும் மொபெட் என்று வரிசை நீண்டது. வரிசைக்கு முன்னால், கேட் கம்பியை முன்சக்கரம் தொட, இரண்டு சைக்கிள்கள்.

ஒன்று கறுப்பு வண்டி. குறுக்குக் கம்பியில் பெயின்ட் உதிர்ந்து இரும்பு பளபளக்கிறது. கேரியர் அகலமானது, உர மூட்டை ஏற்றிப் பழகியது. அதன் சொந்தக்காரர் உள்ளூர் விவசாயி, பன்னிரண்டு மா சாகுபடி. தஞ்சைச் சீமையில் நிலத்தை இன்னமும் குழியிலும் மாவிலும் வேலியிலும்தான் பேசுகிறார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். இன்னொரு சைக்கிள் அரசுப் பள்ளி மாணவியுடையது. பிளஸ் ஒன் சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்த விலையில்லா மிதிவண்டி. அன்று அதில் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய தாய்மாமன். சென்னையில் வேலை, நான்கு நாள் லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். விவசாயியும் அவரும் ஐந்தாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள்.

சென்னைக்காரருக்கு சைக்கிள் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் கியர் சைக்கிளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறார். ஏலகிரியின் 14 வளைவுகளையும் ஒரு முறை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறியவர். அந்தப் பெருமை பேச்சில் இருந்தது. “நம்ம ஊருல ஏறுறதுக்கு என்னடா இருக்கு? எல்லாம் தாம்பாளம்” என்றார்.

“சாயங்காலம் சொல்லு மாப்ள. இங்க மேடு வந்தா ஆறுன்னு அர்த்தம்” என்றார் விவசாயி.

கேட் திறந்தது.

மலையே இல்லாத நாடு இது. தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரை எண்பது கிலோமீட்டர் போல. கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவில்லை. பாறை இல்லை, குன்று இல்லை; கோயில் கட்டக் கல்லையும் வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது. 1010இல் முடிந்த பெரிய கோயில் 216 அடி உயரத்துக்கு எழுந்தது அப்படி வந்த கல்லில்தான். முருகனுக்கு மலை வேண்டும் என்று தோன்றியபோது சுவாமிமலையில் ஒரு கட்டுமலையையே எழுப்பி, அதற்கு அறுபது தமிழ் ஆண்டுகளின் கணக்கில் 60 படி வைத்தார்கள். உயரம் என்று ஒன்று தேவைப்பட்டால் அதை மண்ணாலும் செங்கல்லாலும் கல்லாலும் தானே கட்டிக்கொண்ட சீமை இது. அப்படிக் கட்டியவற்றில் மிகப் பெரியது கோபுரமல்ல, ஆற்றங்கரை. பஸ்ஸில் போகிறவருக்கு அது தெரிவதில்லை. சைக்கிளில் போகிறவரின் தொடைக்குத் தெரியும்.

ஊருக்குள்ளேயே முதல் நிறுத்தம், சந்தானராமர் கோயில். மராட்டிய மன்னர் பிரதாப சிங் தஞ்சையை ஆண்டது 1739 முதல் 1763 வரை. அவருடைய மனைவி யமுனாம்பாளின் பெயரால் இந்த ஊர் யமுனாம்பாள்புரம் என்று வழங்கியது. யமுனாம்பாள் சத்திரமும் இங்கேதான். தஞ்சை மராட்டியர் காலத்தில் ராமேஸ்வரம் போகும் வழியெங்கும் சத்திரங்கள் எழுந்தன. நடந்து வருகிறவர்களுக்குச் சோறும் திண்ணையும் உண்டு. தூரத்தைக் கால் அளந்த காலத்தில் இந்த ஊர் ஒரு நிறுத்தமாக இருந்திருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் இந்த ராமர் மேல் பாடிய கிருதி ஹிந்தோள வசந்த ராகத்தில் அமைந்தது. ராகத்தின் பெயரிலேயே வசந்தம் இருக்கிறது. தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில், பங்குனி இன்னும் பின்பனியில் சேர்ந்தது. ஆனால் வேப்பமரம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. கோயில் தெருவில் வேப்பம்பூ கொட்டத் தொடங்கியிருந்தது. சைக்கிள் டயரில் ஒட்டிக்கொண்டு சற்றுத் தூரம் கூடவே வந்தது.

தவில் உலகில் இந்த ஊருக்குத் தனி மரியாதை. கடந்த நூற்றாண்டின் முதல் பாதியில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் என்றால் நாகஸ்வரக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பலாமரத்தில் குடைந்த அந்த வாத்தியத்தின் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டும், மறுபக்கமான தொப்பியைக் கழியாலும் வாசிப்பார்கள். ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்து வாழ்ந்த கலைஞர்களின் சீமை இது. பஸ் போர்டுகளைப் படித்தாலே பாதிக் கச்சேரி நினைவுக்கு வந்துவிடும்.

ஊரைத் தாண்டினால் மூணாறு தலைப்பு.

கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு இங்கே வந்து மூன்றாகிறது. வெண்ணாறாகவே ஒரு கிளை கிழக்கே போகிறது. கோரையாறும் பாமணியாறும் தெற்கே இறங்கி முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக் கழிமுகத்தில் கடலைச் சேர்கின்றன. வெள்ளம் புரளும் ஐப்பசியில் இங்கே நின்றால் இரைச்சல்தான் கேட்கும். பங்குனியில் வந்தால் வேறு காட்சி. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். அதற்குப் பிறகு ஆறு மணலாகிவிடும். ஷட்டர்கள் தூக்கியபடி நிற்க, ரெகுலேட்டரின் கீழ்த்தளமும் கற்படுகையும், நீர் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய தூண் விளிம்பும் வெளியே தெரிகின்றன. தூணில் அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் இருக்கிறது. அதில் ஒரு மட்டம் வரை பாசி காய்ந்து கறுத்திருக்க, அதற்கு மேலே சுண்ணாம்பு வெள்ளை. போன பருவத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதற்கு அந்தக் கறுப்புக் கோடுதான் கையெழுத்து.

விவசாயி அந்தக் கோட்டில் விரல் வைத்துக் காட்டினார். “இந்த மட்டத்துக்கு நின்னாத்தான் நம்ம வாய்க்கால்ல ஏறும். ஒரு அடி கொறஞ்சாலும் கடைமடைக்காரன் மண்வெட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து நிப்பான்.”

தலைப்பில் வேலை பார்க்கும் லஸ்கர்களுக்கு இந்த அடிக்கணக்குதான் உயிர். எந்த ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்குவது, எந்த ஆற்றுக்கு எவ்வளவு கன அடி விடுவது என்பதில் ஆயிரக்கணக்கான வேலி நிலத்தின் கதி இருக்கிறது. தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்து விடுவார்கள். காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள். மேட்டூரில் 120 அடி என்று செய்தி வந்தால் தெருவே பேசிக்கொள்ளும். வேறு ஊரில் மழையைப் பேசுவார்கள், இங்கே அணையின் மட்டத்தைப் பேசுகிறார்கள்.

தலைப்பிலிருந்து கரை வழியே மிதிக்கும்போது அந்தச் சீமையின் சூட்சுமம் பிடிபட்டது. இடது கைப் பக்கம் ஆறு, வலது கைப் பக்கம் வயல்; வயலைவிட ஆற்றுப்படுகைதான் உயரம். பிற இடங்களில் ஆறு பள்ளத்தில் ஓடும், வயல் மேட்டில் இருக்கும். டெல்டாவில் தலைகீழ். வெள்ளத்தில் வந்த வண்டல் ஆற்றின் இருபுறமும் படிந்து படிந்து, ஆறு ஒரு நீண்ட மேட்டின் முதுகில் ஓடுகிறது. அதனால்தான் மோட்டாரோ ஏற்றமோ இல்லாமல் மதகைத் திறந்தாலே தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்காலில் இறங்கி, வயலுக்கு வயல் வழிந்து போகிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள தாழ்வில் வடிகால். மேலே உள்ளவனுக்கு வடிகாலாக இருப்பது கீழே போய் இன்னொருவனுக்குப் பாசனமாகிறது. ஆக, இங்கே சைக்கிளில் குறுக்கே போனால் ஒரு ஒழுங்கு உண்டு. ஏற்றம், ஆறு, இறக்கம், வயல், தாழ்வு, வடிகால், மறுபடி ஏற்றம்.

மூன்றாவது பாலத்தில் சென்னைக்காரர் மூச்சு வாங்கினார். கியர் இல்லாத வண்டி, சின்ன சீட், எதிர்க்காற்று.

“எறங்கித் தள்ளாத மாப்ள. எந்திரிச்சு நின்னு மிதி.”

பாலத்து உச்சியில் நின்று பார்த்தால் ஆற்றுக்குள் பையன்கள் மட்டையும் பந்துமாக நிற்கிறார்கள். மணலில் மூன்று குச்சி நட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் ஆளை இழுத்துப் போகும் இடம், ஏப்ரலில் கிரிக்கெட் மைதானம். கரையோர மருதமரத்தின் வெண்பட்டையில் வெள்ளம் விட்டுப்போன நாணல் சருகு தலைக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பனங்காடை மின்கம்பியிலிருந்து இறங்கி, இறக்கையின் நீலத்தை ஒரு வினாடி விரித்துக் காட்டிவிட்டு மறுபடி கம்பியில் உட்கார்ந்தது.

ஏழு மணிக்கு உளுந்து வயல்.

சம்பாவும் தாளடியும் அறுத்த வயலில் பங்குனியில் பச்சை தெரிந்தால் அது உளுந்து அல்லது பச்சைப்பயறு. இங்கே உளுந்துக்கு உழவு கிடையாது. நெல் அறுப்பதற்கு ஏழு முதல் பத்து நாளுக்கு முன்னால், தண்ணீரை வடித்துவிட்டு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற கதிருக்குள்ளேயே விதையைக் கைவீச்சில் தெளித்துவிடுகிறார்கள். நெல் அறுபடும்போது உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும். பிறகு உரமில்லை, பாய்ச்சலில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் மார்கழி, தை, மாசிப் பனியும்தான் அதற்குச் சோறு. எழுபது எழுபத்தைந்து நாளில் காய் முற்றிவிடும். ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம், நெல்லுக்கு மட்டுமல்ல, இந்தத் தெளிப்பு உளுந்துக்கும் ஏடிடீ 3 போன்ற ரகங்களைக் கொடுத்தது.

வயலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் காய் வெடித்து மணி தெறித்துவிடும். அதனால் பனி ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டும். விவசாயி ஒரு காயைப் பறித்து நண்பரின் உள்ளங்கையில் உரித்தார். மெல்லிய ரோமம் படர்ந்த கறுத்த காய், உள்ளே ஆறு மணி. ஒவ்வொன்றும் கறுப்பு, ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு வெள்ளைக் கீற்று. சென்னையில் மாவாக மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கீற்று புதுசு.

“எங்க தம்பி, மன்னார்குடி வெண்ணெத்தாழித் திருவிழாவுக்கா?” என்று தலை நிமிராமலே கேட்டார் ஒரு மூதாட்டி.

“ஆமாங்க ஆயி.”

“சீக்கிரம் போங்க. சாமி தெருவுக்கு வந்துரும்.”

அந்த வரப்பில் நின்றபடியே விவசாயி தன் கவலையைச் சொன்னார். கையால் அறுத்த காலத்தில் உளுந்துக் கன்றுக்குச் சேதமில்லை. ஆள் கிடைக்காமல் அறுவடை மெஷின் வந்த பிறகு, அதன் சக்கரம் போன தடமெல்லாம் கன்று நசுங்கிவிடுகிறது. ஈரம் அதிகமாக இருந்தால் வயலே உழுத சேறாகிவிடும். மெஷின் வராமலும் முடியவில்லை. அதனால் உளுந்து தெளிப்பதையே பலர் விட்டுவிட்டார்கள், சிலர் கோடைப் பருத்திக்கு மாறிவிட்டார்கள். போர் செட் தண்ணீரில், வரிசை வரிசையாக, அந்தப் பருத்திக் கன்றுகளும் வழியெல்லாம் தெரிந்தன. நெல்லுக்கும் உளுந்துக்கும் இருந்த பழைய கூட்டு, ஒரு வண்டித் தடத்தில் அறுந்துகொண்டிருக்கிறது.

உளுந்து வயலைத் தாண்டிச் சாலை இறங்கியது. இறங்கிய இடத்தில் ஒரு தெரு. அநேகமாக டெல்டாவின் எல்லா ஊரிலும் இதே வரைபடம்தான். கோயிலும் குளமும் பெரிய வீடுகளும் மேட்டில், உழைக்கும் மக்களின் குடியிருப்பு பள்ளத்தில். கார்த்திகை மழையில் முதலில் தண்ணீர் நிற்பதும் கடைசியாக வடிவதும் அங்கேதான். சைக்கிள் மிதிக்காமலே இறங்குகிற அந்த நூறு அடியில் ஒரு நூற்றாண்டின் வரலாறு இருக்கிறது. 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதில் எல்லோருடனும் சமமாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதற்காக ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் அடிக்கப்பட்டார்கள், மொட்டையடிக்கப்பட்டார்கள். ‘விடுதலை’ ஏடு அதை வெளியே கொண்டுவந்தது. ஆய்வாளர் ஆ. திருநீலகண்டன் இந்தச் சம்பவத்தைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். அடுத்த பத்தாண்டில் பி. சீனிவாச ராவ் போன்ற விவசாய சங்கத் தலைவர்கள் இந்தக் கிராமங்களுக்குள் வந்தார்கள். சவுக்கடிக்கும் சாணிப்பால் குடிக்கவைக்கும் தண்டனைக்கும் எதிராகப் பண்ணையாட்கள் சேர்ந்து நின்றார்கள். இந்தக் கரைகளைக் கட்டியதும், ஒவ்வோர் ஆண்டும் மண் வெட்டி உயர்த்தியதும், வெள்ளத்தில் உடைந்தபோது இரவெல்லாம் நின்று அடைத்ததும் பள்ளத்தில் குடியிருந்தவர்களின் கைகள்தான். ஆற்றை மேட்டில் ஓடவைத்த அவர்களுக்கு மேட்டில் இடம் இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் டெல்டாவின் பசுமையை மட்டும் சொல்வது அரைக்கதை.

இப்போது அந்தத் தெருவிலிருந்து சீருடை போட்ட மூன்று மாணவிகள் சைக்கிளில் ஏறி வந்தார்கள், பேசிக்கொண்டே, மேட்டைக் கவனிக்காமலே. விலையில்லா சைக்கிள் திட்டம் 2000களின் தொடக்கத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கியது. பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில், பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் தோள்கொடுத்தார். கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளுமான பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி நாடு முழுக்கக் கொண்டுபோனார். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஒரு பெண் தன் நேரத்துக்குத் தானே கிளம்பிப் போவது என்பது, பஸ் இரண்டு வேளை மட்டும் வருகிற கிராமத்தில் சின்ன விஷயமல்ல.

பாமணியாற்றை ஒட்டிய பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில். அப்பர் பாடிய தலம். இங்கே சிவன் சதுரங்கம் ஆடி ஜெயித்து ராஜராஜேஸ்வரியை மணந்தார் என்பது தலபுராணம். 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது, 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த தொடக்க விழாவில் பிரதமர் இந்தக் கோயிலைக் குறிப்பிட்டார். அதுவரை இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது சாமுண்டீஸ்வரியின் கோயில், விஷக்கடிக்கு வேர் கட்டிக்கொள்ள வரும் இடம். இப்போது சதுரங்கப் பலகையைக் கையில் வைத்துக்கொண்ட சிறுவர்களையும் பெற்றோர் கூட்டி வருகிறார்கள். இரண்டு நண்பர்களும் கோயில் வாசலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, தூக்குச் சட்டியில் கொண்டுவந்த பழைய சோற்றைக் கரைத்து, மோர்மிளகாயோடு குடித்தார்கள். வெயிலில் மிதிக்கிறவனுக்கு அதைவிட நல்ல மருந்தை இந்தச் சீமை கண்டுபிடிக்கவில்லை.

பூவனூரை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் தெற்கே அடிவானத்தில் ஒரு சாம்பல் நிற முக்கோணம். மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயிலின் 154 அடி ராஜகோபுரம். மலைநாட்டில் சிகரத்தைப் பார்த்து நடப்பதுபோல, இங்கே கோபுரத்தைப் பார்த்து மிதிக்கலாம். சாலை வளையும்போது அது வலப்பக்கம் போகும், மரங்களுக்குள் ஒளியும், அடுத்த பாலத்தின் உச்சியில் திரும்பத் தெரியும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகியிருக்கும்.

முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்த கோயில் இது. தஞ்சை நாயக்கர்களில் கடைசியாக ஆண்ட விஜயராகவ நாயக்கர் இந்த ராஜகோபாலனின் அடியவர். கோயிலைப் பெருக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மன்னார்குடி என்றதும் மதிலழகு என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. மதிலை ஒட்டிச் சைக்கிளில் ஒரு சுற்று வந்தால் அந்தப் பேச்சு மிகையில்லை என்று தெரியும். ஹரித்ராநதி என்று பெயரிட்டிருக்கும் தெப்பக்குளம் ஏறத்தாழ 23 ஏக்கர். குளத்துக்கு நதி என்று பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை, மறுகரையில் நிற்கிறவரின் முகம் தெரியாது. கோபியரோடு அந்த நீரில் விளையாடிய அவசரத்தில் கண்ணன் காதணியை மாற்றிப் போட்டுக்கொண்டான் என்பார்கள். அதனால்தான் ராஜகோபாலனுக்கு ஒரு காதில் குண்டலமும் மறுகாதில் தோடும்.

பங்குனிப் பெருவிழா இங்கே பதினெட்டு நாள். அதில் பதினாறாம் நாள் வெண்ணெய்த்தாழி. சைக்கிளைத் தெரிந்த கடை ஒன்றில் நிறுத்திவிட்டு இருவரும் கூட்டத்துக்குள் புகுந்தார்கள். தெருவோரமெல்லாம் வெண்ணெய்க் கடை. ஈரத்துணி போர்த்திய பாத்திரத்திலிருந்து கைவிரலால் வழித்துத் தொன்னையில் போட்டுக்கொடுக்கிறார்கள். பல்லக்கில் ராஜகோபாலன், தவழும் குழந்தையின் கோலத்தில், கையில் வெண்ணெய்த்தாழி. பல்லக்கு நெருங்க நெருங்க நாலா பக்கமிருந்தும் வெண்ணெய் பறக்கிறது. திருடித் தின்ற பிள்ளைக்கு ஊரே எடுத்து வீசுகிறது. எறிகிறவர்களில் பாதிப் பேரின் குறி தவறி, பட்டாச்சாரியாரின் தோளிலும் பல்லக்கு தூக்கிகளின் தலையிலும் முன்னால் நிற்பவரின் முதுகிலும் விழுகிறது. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வெயிலில் அது உருகி, தெருவெல்லாம் மோரும் துளசியும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை. காவிரித் தண்ணீரில் விளைந்த வைக்கோலைத் தின்ற மாட்டின் பால், தயிராகி, வெண்ணெயாகி, அந்தத் தெருவில் பறந்துகொண்டிருந்தது.

நாகஸ்வரத்தோடு தவில் முழங்கியது. சென்னைக்காரரின் தோளில் ஒரு வெண்ணெய்த் துண்டு வந்து விழுந்தது. விவசாயி அதை வழித்து அவர் நெற்றியில் தடவினார்.

மாலையில் சாமி வெட்டுங்குதிரை வாகனத்தில் வருவார். ஆனால் இருவருக்கும் இன்னும் தூரம் இருந்தது. ஹரித்ராநதிப் படியில் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து, வெயில் தாழ்ந்ததும் தஞ்சாவூர் சாலையில் வடுவூருக்கு மிதித்தார்கள். பதினான்கு கிலோமீட்டர் போல.

வழியில் ஒரு கொள்முதல் நிலையம். திறந்தவெளியில் நெல் மூட்டைகள் கோட்டைச் சுவர்போல அடுக்கியிருந்தன. ஒரு மூட்டை 40 கிலோ. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதால், சம்பா அறுவடையில் மழை வந்தால் விவசாயி சாலையிலேயே நெல்லைக் காயவைத்துக் காவல் கிடப்பார். காலையில் கேட்டில் பார்த்த சரக்கு ரயிலில் ஏறுவதும், வெளிமாவட்ட அரவை ஆலைகளுக்குப் போவதும், பிறகு ரேஷன் கடையில் அரிசியாக இறங்குவதும் இப்படி வந்த நெல்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தென்னைகளைச் சாய்த்த தோப்புகளில் இப்போது இளங்கன்றுகள் ஆளுயரம் தாண்டி நிற்கின்றன. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோது இனிப்பு கொடுத்ததாகச் சொன்னார் விவசாயி. சட்டம் நிலத்தைக் காப்பாற்றும், ஆனால் தண்ணீரை மேட்டூர்தான் தர வேண்டும் என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

வடுவூர் ஏரியும் மனிதர் கட்டிய மேடுதான். பாசனத்துக்காகக் கரை எழுப்பித் தேக்கிய நீர். 1999இல் பறவைகள் சரணாலயமாயிற்று, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது; 112 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். மார்கழியில் ஊசிவால் வாத்துகளால் நீர்ப்பரப்பே கறுத்திருக்கும் என்பார்கள். பங்குனியில் வலசை வந்தவை பெரும்பாலும் கிளம்பிவிட்டிருந்தன. நீர் உள்வாங்கி, ஓரத்தில் சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் நடுவே மஞ்சள்மூக்கு நாரைகள் முழங்கால் நீரில் அலகைத் திறந்துவைத்துத் துழாவிக்கொண்டிருந்தன. கருவேல மரத்தில் நீர்க்காகங்கள் இறக்கையைத் துணிபோல் உலர்த்தின. அரிவாள் மூக்கன்கள் கூட்டமாக வந்து இறங்கின. கரைமேல் சைக்கிளை ஏற்றும்போது இருவரும் இறங்கித் தள்ளவில்லை. எழுந்து நின்று மிதித்தார்கள்.

கரையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு சென்னைக்காரர் கேட்டார்: “காலேலேர்ந்து எத்தன மேடுடா ஏறினோம்?”

“எண்ணலையா நீ?”

“மன்னார்குடி வரைக்கும் எண்ணினேன். அப்புறம் வெண்ணெயில மறந்துட்டேன்.”

திரும்பும்போது கிராமச் சாலைகள். இருட்டியதும் இலுப்பைத் தோப்பு ஒன்றைக் கடந்தார்கள். பூவின் கனத்த இனிப்பு வாசனை முதலில் வந்தது, பிறகு மேலே பழந்தின்னி வௌவால்களின் சிறகடிப்பு. டைனமோ விளக்கு மேட்டில் மங்கியது, இறக்கத்தில் பளிச்சென்று எரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆறுகளை அந்த வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தில் அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தார் விவசாயி: இது பாமணி, இது ஒரு வடிகால், இது கோரையாறு.

வீட்டு வாசலில் தங்கை மகள் சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். ஹேண்டில்பாரின் பிடியில் பிசுபிசுவென்று வெண்ணெய் காய்ந்திருந்தது. தாவணித் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“என்ன மாமா, மூச்சு வாங்குது? மலைய எல்லாம் ஏறிருக்கேன்னு சொன்னீங்க.”

“பாலத்துக்குப் பாலம் ஏத்தம்மா. எத்தனன்னு எண்ணவே முடியல.”

“பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில நாலு மாமா” என்றாள் அவள் யோசிக்காமலே. “மழைக்காலத்துல அஞ்சு. பள்ளத்துல தண்ணி நின்னுரும்ல, அப்போ வாய்க்கா கரையச் சுத்திப் போவணும்.”

துடைத்த துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, மணியை ஒரு முறை அடித்துச் சரிபார்த்து, பூட்டைப் போட்டாள்.